முப்பது நிமிட இலக்கு

திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்து மறுபடி உடம்புக்குள் அனுப்பும் இடம். எட்டு இயந்திரங்கள், எட்டு படுக்கைகள். தினமும் மூன்று ஷிப்ட். ஒருவருக்கு நான்கு மணி நேரம். அந்த நான்கு மணியில் யாரும் கை வைக்க முடியாது. அவசரப்படுத்தினால் ஆளுக்கு ஆபத்து.

கை வைக்க முடிந்தது இடைப்பட்ட நேரத்தில் மட்டும்தான். ஒருவர் எழுந்து போனபின் இயந்திரத்தைக் கழுவி, புதிய குழாய்களை மாட்டி, விரிப்பை மாற்றி, அடுத்தவரை எடை பார்த்துப் படுக்க வைக்க வேண்டும். எங்களுக்கு அதற்கு ஐம்பது நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்குத் தொடங்கும் நாள் மூன்றாவது ஷிப்ட் முடிய எட்டு மணியைத் தாண்டும். நான் முதல் இரண்டு ஷிப்டுகளுக்குப் பொறுப்பான நர்ஸ். புத்தூரில் வீடு. விடியற்காலை ரயிலில் வந்து மதிய ரயிலில் திரும்புவேன். வீட்டுக்குப் போனதும் சாப்பிடக்கூட உட்காராமல் படுத்துவிடுவேன்.

மூன்று வருடத்துக்கு முன் புது நிர்வாக அதிகாரி ஒருவர் வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. தெலுங்குக்காரர், நல்ல மனிதர், யாரையும் கத்திப் பேசமாட்டார். முதல் கூட்டத்திலேயே, "டார்கெட் லேகபோதே டீம் லேது மேடம்" என்றார். இலக்கு இல்லையென்றால் குழுவே இல்லை என்று அர்த்தம். எங்கள் எல்லோருக்கும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கொடுத்து, ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு கால் மணி நேரமும் என்ன செய்கிறோம் என்று எழுதச் சொன்னார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. வேலை செய்யவே நேரமில்லாதபோது வேலையைப் பற்றி எழுதுவது எப்போது? ஆனாலும் எழுதினேன். வார முடிவில் படித்துப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. ஸ்டோருக்கு நடந்ததே தினமும் பதினோரு தடவை. குழாய் ஒரு தடவை, பஞ்சு ஒரு தடவை, மறந்துபோன பிளாஸ்திரிக்கு ஒரு தடவை. எடை பார்க்கும் இயந்திரம் வராந்தாவின் கடைசியில் இருந்தது. தள்ளாடும் நோயாளியைக் கைத்தாங்கலாக அங்கே கூட்டிப்போய்க் கூட்டிவரவே பத்து நிமிடம்.

எடை இயந்திரத்தைக் கதவருகே கொண்டுவந்து போட்டேன். மறுநாளைக்கு வேண்டிய சாமான்களை ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு தட்டாக முந்தின நாளே எடுத்து வைக்கச் செய்தேன். இரண்டே மாதத்தில் ஐம்பது நிமிடம் முப்பது நிமிடமானது. அதிகாரி ஒரு பெரிய அட்டவணை அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். நேரத்துக்குத் தொடங்கினால் பச்சை, தாமதமானால் சிவப்பு. மூன்றாவது ஷிப்ட் ஏழு மணிக்கு முடியத் தொடங்கியது. அந்த ஷிப்ட் பார்க்கும் மாலைப் பெண்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

ஐந்தாம் இயந்திரம் மட்டும் செவ்வாயும் வெள்ளியும் சிவப்பு.

அந்த இரண்டு நாட்களில் காலை ஆறு மணிக்கு அதில் படுக்க வேண்டியவர் விஜயபுரம் பக்கத்து விவசாயி. அறுபதைத் தாண்டியவர். கொஞ்சம் நெல், கொஞ்சம் வேர்க்கடலை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பால் கேன்களோடு பைக்கில் நகரி வரை கொண்டுவந்து விட, அங்கிருந்து பஸ் பிடித்து வருவார். எப்படி வந்தாலும் ஆறு இருபது, ஆறு இருபத்தைந்து. அவர் தாமதித்தால் அடுத்து அதே படுக்கைக்கு வருபவரும் தாமதம், அதற்கடுத்தவரும் தாமதம். ஒரு மனிதரால் ஒரே நாளில் மூன்று சிவப்புக் கட்டம்.

"நைனா, ஆறு மணின்னா ஆறு மணிதான். உங்க ஒருத்தரால எல்லாருக்கும் லேட்டாவுது" என்று ஒருநாள் சொன்னேன்.

"நான் இன்னாம்மா பண்றது? பஸ்ஸு வந்தாத்தானே" என்றார்.

மூன்றாவது ஷிப்டில் ஒரு இடம் காலியானது. எல்லோரும் விரும்பும் இரண்டாவது ஷிப்டில் எப்போதும் இடம் இருக்காது. அவரை மூன்றாவதற்கு மாற்றினேன். "இனிமே மதியம் மூணு மணிக்கு வாங்க. அவசரமில்லாம வரலாம்" என்றேன். நல்லது செய்கிறோம் என்றுதான் சத்தியமாக நினைத்தேன். எத்தனை மணிக்கு முடியும் என்று மட்டும் கேட்டார்; ஏழு என்றேன். பிறகு, "சரிம்மா, நீ சொன்னா சரி" என்றார்.

அதன்பின் அவர் ஒருநாளும் தாமதமாக வரவில்லை. இரண்டரைக்கே வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அந்த மாதம் அட்டவணை மேலிருந்து கீழ்வரை பச்சை. கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். ரயிலில் வரும்போது அதை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

ஆறு வாரம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை காலை ரயில் வராது என்று தெரிந்து பஸ்ஸில் வந்தேன். திருப்பதி பஸ் நிலையத்தில் இறங்கும்போது விடிந்தும் விடியாமலும் இருந்தது. மலைக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு வரிசையாகப் படுத்திருந்தார்கள். சிலர் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் ஒருவர் குனிந்து முகம் கழுவினார். இடது கையை நனையாமல் தூக்கிப் பிடித்திருந்தார். முழங்கைக்குக் கீழே ஊசி எடுத்த இடத்தில் பிளாஸ்திரி. எங்கள் பிரிவில் ஒட்டும் பிளாஸ்திரி.

"நைனா!" என்றேன். "இன்னா இங்க இருக்கீங்க?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "காலம்பர பஸ்ல வந்தேம்மா. ஒருத்தர பாக்கணும்."

நான் அந்தப் பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் அதைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ஊருக்குப் போவலம்மா. இங்கதான் படுத்துக்கினேன்."

"ஏன்?"

"நான் நகரி போய்ச் சேர்றதுக்குள்ள ஊரு பஸ் போயிடுது. பால்காரன் காலம்பர இட்டுக்கினு வரான். ராத்திரியும் வந்து நில்லுன்னு அவன எப்படிக் கேக்கறது?"

"எத்தினி நாளா இப்படி?"

"நீ டைம் மாத்தினதுல இருந்து."

வாரத்துக்கு இரண்டு நாள், ஆறு வாரம். டயாலிசிஸ் முடிந்தவருக்குத் தலை சுற்றும், கால் இழுக்கும். வீட்டில் படுத்திருப்பவர்களுக்கே எழுந்து தண்ணீர் குடிக்கத் தெம்பு இருக்காது. இந்த மனிதர் சிமெண்டுத் தரையில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா, தோதுப்படலன்னா நீ வேற எங்கனா பாத்துக்கோன்னுட்டீங்கன்னா? எடம் போயிட்டா நான் எங்கம்மா போவேன்?" என்றார். பிறகு என்னைத் தேற்றுவதுபோல, "இங்க ஒண்ணும் கஷ்டமில்ல. மலைக்குப் போறவங்கல்லாம் படுத்துக்கினு கீறாங்க, நானும் ஒருத்தன். அன்னிக்கு ஒரு அம்மா 'தரிசனம் ஆச்சா'ன்னு கேட்டாங்க. ஆச்சும்மான்னு சொல்லிட்டேன்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிக்க வரவில்லை. டீ வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். சிறுநீர் பிரியாத உடம்பு, அவர் எதையும் அளந்துதான் குடிக்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது. அந்த அளவைச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். நகரி பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போனேன். அன்று எனக்கு இருபது நிமிடம் தாமதம்.

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. "இப்போது சரியான நேரத்துக்கு வருகிறாரே மேடம்?" என்றார். பஸ் நிலையத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அவர் ஏன் சொல்லவில்லை?"

"நாம கேக்கல சார்."

அடுத்த வாரம் முழுக்க ஒவ்வொரு படுக்கையாகப் போய், எப்படி வருகிறீர்கள், எதில் திரும்புகிறீர்கள் என்று விசாரித்தேன். எங்கள் படிவத்தில் ரத்தப் பிரிவு உண்டு, எடை உண்டு, ஒவ்வாத மருந்துகள் உண்டு. எந்த பஸ் என்று கேட்கும் கட்டம் இல்லை. சந்திரகிரி அம்மா ஒருவருக்கு மகன் ஆட்டோ ஓட்டுவதால் எந்த நேரமும் சரியாம். சித்தூரிலிருந்து வரும் ஆசிரியர் ஒருவர் இரண்டு வருடமாக முதல் ஷிப்டுக்கு வந்துகொண்டிருந்தார். சித்தூருக்கு எந்நேரமும் பஸ் உண்டு.

"மூணாவது ஷிப்ட் கொடுத்தா காலையில பள்ளிக்கூடம் போயிட்டு வருவேனே மேடம். லீவெல்லாம் இதுக்கே தீந்துபோச்சு" என்றார்.

"இவ்வளவு நாளா கேக்கவே இல்லியே சார்?"

"டைம் மாத்தமாட்டீங்கன்னு நெனச்சேன்."

ஆசிரியரையும் விவசாயியையும் இடம் மாற்றினேன். விவசாயி பழையபடி முதல் ஷிப்ட், அதே ஐந்தாம் இயந்திரம். அந்த இரண்டு நாட்களில் அதற்கு மட்டும் தொடங்கும் நேரம் ஆறரை என்று அதிகாரியிடம் கேட்டு எழுதி வாங்கினேன். தலைமை அலுவலகத்துக்குப் போகும் தாளில் ஆறரை என்று போட இடமில்லாததால் அது சிவப்பாகவே விழுந்தது. "விழட்டும் மேடம், கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றார். ஒரு வருடம் அவர்தான் பதில் சொன்னார். பிறகு அவரை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆனால் அந்த அரை மணி நேரம் மாயமாகிவிடவில்லை. முதல் ஆள் அரை மணி தள்ளி எழுந்தால் இரண்டாவது ஆளும் அரை மணி தள்ளித்தான் எழுவார். மாலைப் பெண் மற்ற ஏழு பேருக்கு ஊசி போடும் நேரம் அது. ஐந்தாம் படுக்கையின் அந்த இரண்டாவது ஆளுக்கு ஊசியை எடுத்து, ரத்தம் நிற்கும்வரை பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். நான்தான் நிற்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் என் மதிய ரயில் எனக்கில்லை.

இப்போது இருப்பவர் அவருக்கடுத்து வந்த இரண்டாவது அதிகாரி. சுவரில் தாள் இல்லை, எல்லாம் போனில். போன மாதம் எல்லோரையும் இந்த வருட இலக்குகள் மூன்றை எழுதச் சொன்னார். ஒன்றில், புதிதாகச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே பஸ் நேரம் கேட்டு எழுதிக்கொள்வது என்று எழுதினேன். இது இலக்கு ஆகாது, எண்ணில் வரவேண்டும் என்று திருப்பி அனுப்பினார். எண்ணில் எப்படிச் சொல்வது என்று யோசிக்கத் தெம்பில்லை. 'நூறு சதவீதம்' என்று சேர்த்து மறுபடி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை விவசாயி கிளம்பும்போது கேட்டார்.

"என்னாலதான் உனக்கு லேட்டாவுதுன்றாங்களே, நெஜமாம்மா?"

"யார் சொன்னா? அதெல்லாம் இல்ல நைனா. எனக்கு பஸ் கீது."

"கடல விதைக்கணும். செவ்வாக்கெழம வரமாட்டேன்."

"வராம இருந்தீங்கன்னா மூச்சு வாங்கும். அப்புறம் எவன் விதைப்பான்? ஒழுங்கா வந்து சேருங்க" என்று அதட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார். செவ்வாய் வந்தார், ஆறு இருபத்தைந்துக்கு. அன்று மதியம் நான் ஏறிய பஸ்ஸில் உட்கார இடமில்லை. மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே கண்ணை மூடி, புத்தூர் வரை வந்தேன்.