அப்பு பேரில் நூற்றொரு வெடி

வெளியூர் போகிறவர்களின் பூனையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது என் தொழில். வருஷம் முழுக்க அது சுகமான தொழில்தான், யாராவது தீக்குச்சி உரசும்வரை. கேரள எல்லையோரம் பெருமாட்டிப் பக்கம் குடியிருப்பதால் எங்களுக்குத் தீபாவளியும் உண்டு, விஷுவும் உண்டு, இரண்டுக்கும் பட்டாசு உண்டு, நடுநடுவே கோயில் வெடியும் உண்டு. பூனை வளர்த்து அவதிப்படும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வென்டிலேட்டர்

போன தீபாவளிக்குக் கலாமணி டீச்சர் தன் பூனை அப்புவை என்னிடம் விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போனார். சாம்பல் நிறம், பாதி வால். கதவை அடைத்தேன், ஜன்னலை அடைத்தேன். அவ்வளவு உயரம் எந்தப் பூனை ஏறும் என்று வென்டிலேட்டரை மட்டும் விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டில் முதல் சரம் வெடித்ததும் அப்பு பீரோ மேல் தாவி, அந்த ஓட்டை வழியாகப் போயே போய்விட்டது.

தோப்புத் தோப்பாகத் தேடினேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். டீச்சர் திரும்பி வந்து திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க பாத்துக்குவீங்கன்னுதானுங்கக்கா உட்டுட்டுப் போனேன்."

மோட்டார் ரூம்

பத்தாம் நாள் தகவல் வந்தது. பொன்னுச்சாமி என்கிற விவசாயி ஒரு பாதி வால் பூனையைப் பிடித்து வைத்திருக்கிறாராம். ஓடினேன். நல்ல மனசுக்காரர். மிரண்ட பூனைக்கு அமைதி வேண்டும் என்று தென்னந்தோப்பு நடுவே மோட்டார் ரூமில் விட்டு, வேளாவேளைக்குக் கருவாடும் தண்ணீரும் வைத்திருக்கிறார். ஆனால் கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. வந்தபோதெல்லாம் ஸ்டார்ட்டர் 'டமார்' என்று விழுந்து மோட்டார் தானாக ஓடியிருக்கிறது.

அப்பு மேல் பலகையின் மூலையில் சுருண்டு கிடந்தது. ஸ்டார்ட்டரை அணைக்கச் சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அதுவாகவே இறங்கி வந்து என் முழங்காலில் முட்டியது. பொன்னுச்சாமி தலையைச் சொறிந்தார். "ஏனுங்க, வெடிச்சத்தம் கேக்கக் கூடாதுன்னுதானுங்க இங்க வெச்சேன். மோட்டார ஆட்டோவுல போட்டது மறந்தே போச்சுங்க."

நட்சத்திரம்

டீச்சர் அப்புவைக் கட்டிக்கொண்டு அழுதார், நானும் அழுதேன். அடுத்து அவர் சொன்னதில் என் அழுகை நின்றுவிட்டது. அப்பு கிடைத்தால் கோயிலில் நூற்றொரு வெடி வைப்பதாக வேண்டியிருக்கிறாராம்! காரியம் கைகூடினால் வெடி வழிபாடு செய்வது எங்கள் பக்கத்து வழக்கம்தான். அதற்காக, வெடிக்குப் பயந்து ஓடிய பூனைக்குமா? நெய்விளக்கு, பாயசம் என்று மாற்று வழிபாடுகளை அடுக்கிப் பார்த்தேன். சாமியிடம் சொன்னதை மாற்ற முடியாது என்றுவிட்டார். கோயிலோ எங்கள் இருவர் வீட்டுக்கும் கூப்பிடு தூரம்.

ஏதாவது தடங்கல் வராதா என்கிற நப்பாசையில் ரசீது போடக் கூடவே போனேன். கவுண்டரில் இருந்தவர் பேர் கேட்டார். "அப்பு, எங்க ஊட்டுப் பூனைங்க" என்றார் டீச்சர். நட்சத்திரம் கேட்டார். டீச்சர் திருதிருவென விழித்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன். அந்த மலையாளி பேனாவைக்கூட மூடவில்லை: "பூனைக்கு நட்சத்திரம் தெரியாட்டி சாரமில்லே டீச்சரே, டீச்சரோட நட்சத்திரம் போதும்."

பதினைந்து நாள்

வெடிக்குப் பதினைந்து நாள் இருந்தது. இந்த முறை அப்புவை விடுவதில்லை என்று முடிவு கட்டினேன். அன்றே அதை அழைத்து வந்தேன். வென்டிலேட்டருக்குக் கம்பிவலை அடித்தேன், பீரோவை வெளியேற்றினேன். டீச்சரின் பழைய சேலையை அட்டைப்பெட்டியில் விரித்துக் கட்டிலுக்கடியில் வைத்தேன். மணல் தட்டும் அதே அறையில். தீனி வைக்கும்போதெல்லாம் செல்போனில் வெடிச்சத்தம், முதலில் காதில் விழுந்தும் விழாத அளவுக்கு. அப்பு தலை தூக்காமல் தின்றால்தான் மறுநாள் சத்தத்தை ஒரு கோடு ஏற்றுவேன். தூக்கினால் இரண்டு கோடு இறக்குவேன். தின்பது அப்பு, பக்கத்து அறையில் திடுக்கிடுவது என் வீட்டுக்காரர். பத்தாம் நாள் தட்டோடு எழுந்து வந்தார்: "ஏனம்மிணி, பூனை பழகிருச்சு. எனக்குத்தான் இன்னும் தூக்கித் தூக்கிப் போடுது."

கடைசி வெடி வரை

அன்று சாயங்காலம் சீக்கிரமே தீனி கொடுத்து, ஜன்னல் திரையை இழுத்து, ஃபேனை முழு வேகத்தில் விட்டு, ரேடியோவைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். முதல் வெடிக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. செல்போன் சத்தமெல்லாம் இதன் முன் ஒன்றுமில்லை. அப்பு பெட்டிக்குள் பாய்ந்தது. இழுத்து மடியில் வைத்துக்கொள்ளக் கை துறுதுறுத்தது, வைக்கவில்லை. ஒளிந்த பூனையை இழுத்தால் அதற்கு இருக்கிற ஒரே தைரியமும் போய்விடும். எனக்கும் பயம்தான், ஆனால் அசையவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தேன். எழுபதுக்கு மேல் மூக்கு மட்டும் வெளியே வந்தது. வெடி ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் அப்பு முழுசாக வந்து, சோம்பல் முறித்து, மீதிக் கருவாட்டைத் தின்றது.

பிரசாதத்தோடு ஓடி வந்த டீச்சர், அது முகம் கழுவுவதைப் பார்த்துக் கதவோரம் உட்கார்ந்தே விட்டார். "முதல் வெடிக்கே எனக்குப் பயமாப் போச்சுங்கக்கா. அப்பு பயப்படாம இருந்தா இன்னும் இருவத்தியொரு வெடி வெக்கறேன்னு அங்கயே வேண்டிக்கிட்டனுங்க."

பயம் வந்தால் பூனை ஒளிந்துகொள்கிறது, பூனைக்காரர் வெடி வைக்கிறார், நான் மறுபடி ஜன்னலை அடைக்கிறேன்.