பெயர் மட்டும் பள்ளிக்கூடம் போனது

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதுகிற வேலையில், உட்காரச் சொல்லும் வீடும் நாயை அவிழ்த்துவிடும் வீடும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

படிவக் கட்டோடு வெயிலில் அலைந்த உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் நானும் அலைந்தேன். சாக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் எந்தப் பிள்ளைகள் படிப்புக்கு வெளியே நிற்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்று ஒரு பல்கலைக்கழகம் ஆய்வு செய்தது. அதை நடத்தியவர் ஸ்டெல்லா, அமராவதிபுதூர் ஆசிரியர் வீட்டுப் பெண், ஆராய்ச்சி மாணவி. எல்லாக் காலனியிலும் முகம் தெரிந்த ஓர் ஆள் அவருக்கு வேண்டியிருந்தது. நான் இருபத்தைந்து வருஷம் தெருவில் கோஷம் முழங்கியவன். துண்டுப் பிரசுரம் படித்துத்தான் எழுத்தே கற்றேன். என்னிடம் முழங்கக் கற்றவர்கள் காரில் போனார்கள். எனக்குப் படிவம் வந்தது.

முன்னுரை

முதல் நாள், கேள்விக்கு முன்னால் கல்வி ஏன் உரிமை என்று வேப்பமரத்தடியில் நின்று ஒரு இருபது நிமிடம் விளக்கினேன். அதன் பிறகு, "பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறீர்களா?" என்று கேட்டால் எவர் இல்லை என்பார்? சாயங்காலம் பார்த்தால் ஒரு கட்டுப் படிவத்திலும் படிக்காத பிள்ளை ஒன்றுகூட இல்லை. எங்களுக்கு எதிரிலேயே நாலு பிள்ளைகள் ஆடு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

ஸ்டெல்லா படிவத்தைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் பேனாவை வாங்கிக்கொண்டு ஒரு பென்சிலைக் கொடுத்தார். தப்பானால் அழிக்கலாம், அச்சடித்த கேள்வியை மட்டும் அப்படியே வாசித்தால் போதும் என்றார். கடைசியாகச் சொன்னது:

"அண்ணே, நீங்க கணக்கெடுக்கல. ஓட்டுக் கேட்டுட்டு வந்திருக்கீக."

இதர குறிப்புகள்

படிவத்தின் கடைசியில் 'இதர குறிப்புகள்' என்று இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம். என் கையில் காகிதத்தைப் பார்த்தால் ஜனங்களுக்கு அது மனுதான். தெருவிளக்கு, ரேஷன் கார்டு, அடிபம்பு என்று சொல்லச் சொல்ல, "ஆவன செய்யுமாறு" வரைக்கும் எழுதித் தனித்தாள் வேறு ஒட்டினேன். ஆய்வு வேறு, மனு வேறு என்று ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு பெரியவர் இந்தக் காகிதம் எங்கே போகும் என்றார். பல்கலைக்கழகம் என்றேன். தாலுகா ஆபீசைவிடப் பெரிசா என்றார். பெரிசுதான் என்றேன்.

"அப்ப விளக்கோட ஒரு பஸ்ஸையும் சேத்து எழுதிருங்க."

ஒன்றா, இரண்டா?

பள்ளிக்குப் போனால் ஒன்று, போகாவிட்டால் இரண்டு. இதில் என்ன குழப்பம் வரும் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆத்தங்குடிப் பக்கம் ஒரு தரைக்கல் பட்டறையில் பஞ்சவர்ணம் வேலை செய்தாள். அவள் மகள் செல்வி, ஐந்தாம் வகுப்பு. முந்தின நாள்தான் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, செல்வி ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று எழுதி வந்திருந்தேன். அந்தச் செல்வி என் முன்னால் கையெல்லாம் சிமெண்டாகக் கல் சுமந்து, தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக்கொண்டிருந்தாள். தலை எண்ணிக்கை குறைந்தால் ஒரு வாத்தியார் இடம் போய்விடும். அதனால் பள்ளிக்கூடத்தில் பெயரை அடிக்காமல், தினமும் வருகையும் போட்டு வைத்திருந்தார்கள்.

நான் பென்சிலைப் பிடித்தபடி நின்றேன். பஞ்சவர்ணம் வேலையை நிறுத்தாமலே சொன்னாள்:

"பேரு தெனமும் போகுது. புள்ளதான் போகல."

அச்சில் இல்லாத காரணம்

ஒன்றை அழித்து இரண்டு என்று எழுதினேன். இரண்டு என்றால் காரணமும் வேண்டும்; வறுமை, தூரம், விருப்பமின்மை என்று அச்சில் காரணங்கள் இருந்தன. விருப்பமில்லை என்றே போடுங்கள் என்றாள் பஞ்சவர்ணம். ஆனால் செல்வி என் தோளுக்குப் பின்னால் நின்று படிவம் முழுவதையும் தடங்கலில்லாமல் வாசித்துக் காட்டினாள். விருப்பமில்லாத பிள்ளையா இது? பிறகு அவளே சொன்னாள். பள்ளிக்கூடப் பானைத் தண்ணீரைக் காலனிப் பிள்ளைகள் கையேந்தித்தான் குடிக்க வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். டம்ளர் மற்றவர்களுக்கு. ஒரு மத்தியானம் தாகத்தில் டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டாள். யாரும் அடிக்கவில்லை. அவள் பார்க்க அந்த டம்ளரைச் சாம்பல் போட்டு விளக்கச் சொன்னார்கள். மறுநாளிலிருந்து அவள் போகவில்லை. அரைப் பரீட்சைக்குள் திரும்பாவிட்டால் அந்த வருஷமே போச்சு.

நாளைக்கே சாலை மறியல் என்றேன் ஸ்டெல்லாவிடம். அவரோ, பட்டறைக்காரர் எந்தத் தெரு, தலைமை வாத்தியார் எந்தத் தெரு என்று என்னையே சொல்லவைத்தார். இரண்டும் ஒரே தெரு.

"கொடி தூக்குனா உங்களுக்குப் பேருண்ணே. மறுநா அங்குட்டு வேலைக்குப் போய் நிக்கிறது பஞ்சவர்ணம்."

தலைமையாசிரியர்

மறுநாள் காலை எல்லாப் பள்ளிப் படிவத்திலும் ஸ்டெல்லா தன் கையெழுத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு போனேன். அந்தத் தலைமையாசிரியருக்கு நான் பழைய எதிரி. என் மனுக்களில் அவர் வீட்டில் வேர்க்கடலை மடித்தார்கள்.

அன்று நான் குரலை உயர்த்தவில்லை. "எல்லா மாணவரும் ஒரே டம்ளரில் தண்ணீர் குடிக்கிறார்களா?" என்று எழுதியிருந்தபடி வாசித்துவிட்டு, பென்சிலோடு காத்திருந்தேன். நான் கத்தியிருந்தால் அவருக்குப் பதில் தெரியும். பானையைப் பார்த்தார். காகிதம் எங்கே போகும் என்றார். சொன்னேன். டீ சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

"தலைவரே, பென்சில்லதான எழுதுறீக? திங்கக்கிழமை வந்து எழுதுங்களேன்."

திங்கட்கிழமை

போனேன். பானைப் பக்கத்தில் ஒரே மாதிரி நாலு டம்ளர். மேலேயிருந்து ஊற்ற ஆள் இல்லை. வெள்ளிக்கிழமையே தலைமையாசிரியர் சைக்கிளில் பட்டறைக்குப் போய்ப் பஞ்சவர்ணத்திடம் பேசியிருக்கிறார். இனி டம்ளரை விளக்கினால் பிள்ளை கல் சுமக்கவே வரட்டும் என்று அவளும் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். செல்வி வரிசையில் நின்றாள், குடித்தாள், வைத்தாள். பின்னால் நின்ற பையன் அதே டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு விளையாட ஓடினான். அவ்வளவுதான்.

இப்படி எதைப் பார்த்தாலும் எனக்குப் பேச்சு வரும். நாலு வார்த்தை பேசலாம் என்று வாயைத் திறந்தேன். செல்வி முந்திக்கொண்டாள்.

"நம்பர மாத்தி எழுதிட்டுக் கெளம்புங்க தாத்தா, மணி அடிச்சிருச்சு."

இருபத்தைந்து வருஷம் மைக் பிடித்தும் ஆகாதது ஒரு பென்சிலால் ஆனது என்று ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் மனமில்லை என்றாலும், அந்தப் பென்சிலை மட்டும் நான் ஸ்டெல்லாவிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.