பானெட் மேல் காய்ந்த நாடகம்

பெருமாள்மலையில் பதினெட்டு வருடம் டிடிபி கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கலெக்டருக்கு மனு எல்லாம் அடித்துக்கொடுப்பேன். வாங்கிப்போகிற ஒவ்வொருவரிடமும் "இன்னொரு காப்பி எடுத்து வைங்க" என்று கத்துவேன். யாரும் கேட்டதில்லை. கடையை மூடியதும், எடைக்கடைக்காரன் கேவலமாக விலை பேசினான் என்று அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் பரணில் தூக்கிப் போட்டேன்.

போன மார்கழியில் டாக்ஸி ஸ்டாண்டில் ஓட்டும் அண்ணன் ஒருவர் வாசலில் வந்து நின்றார். இருபது வருடத்துக்கு முன் ஸ்டாண்டு ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதியவர். ட்ரிப் ஷீட்டுகளின் பின்பக்கம் கிறுக்கியதை நான்தான் டைப் அடித்தேன். காகிதமெல்லாம் அவர் வீட்டில் வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டது.

"தங்கச்சி, அன்னைக்கு மேடையேறாத நாடகத்தை இந்த வருசம் போடலாம்னேன். அப்படி ஒரு நாடகமே கெடையாது, நான் அளக்கேன்னு சங்கச் செயலாளர் சொல்லிட்டான். ஞாயித்துக்கிழமைக்குள்ள காட்டலைன்னா விழாவுல சினிமா டான்ஸாம்."

"காப்பி எடுங்கன்னு அப்பவே சொன்னேன்ல?"

"சொன்ன. நான்தான் கேக்கல. இப்ப வையி, நின்னு வாங்கிக்கிறேன்."

வைதேன். அப்புறம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு செண்பகனூர் ரிப்பேர் கடைக்குப் போனோம். ரிப்பேர்காரர் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக் கரண்ட் கொடுத்தார். அது அசையவில்லை.

"ஈரம் ஏறி உள்ள ஒட்டிக்கிட்டுக் கெடக்குக்கா. சூடு பட்டா ஒருவேளை சுத்தலாம். உறுதி சொல்ல மாட்டேன்."

"அம்புட்டுத்தானா?" என்றார் அண்ணன். "என் வண்டியும் பனியில கெளம்பாது. கீழ எறக்கிட்டா தானா சரியாகும்."

டிஸ்க்கைப் பிடுங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பியேவிட்டார். மலைக்குக் கீழே வத்தலக்குண்டு வெயிலில் வண்டியை நிறுத்தி, பானெட் மேல் டிஸ்க்கை வைத்து, பக்கத்தில் காவல் நின்றிருக்கிறார். போகிறவன் வருகிறவனெல்லாம் "என்னண்ணே, வடகமா?" என்று கேட்டானாம். மறுபடி துண்டில் சுற்றி, மடியில் வைத்தபடியே அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தார். இப்படி ஒரு பைத்தியக்காரத்தனத்தை நான் பார்த்ததில்லை. மூஞ்சிக்கு நேரே சொன்னேன்.

ரிப்பேர்காரர் கரண்ட் கொடுத்ததும் டிஸ்க் கொர்ரென்று சுற்றியது! அரை மணி நேரம் ஓடியது. அவர் அவசர அவசரமாக முடிந்த வரைக்கும் ஃபைல்களைத் தன் கம்ப்யூட்டருக்கு எடுத்தார். பிறகு டக் டக்கென்று அடித்துக்கொண்டு ஒரேயடியாக நின்றது.

இதற்குள் செயலாளரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். நாடகம் என்று பெயரிட்ட ஃபைலைத் திறந்தால் திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்து, நடுநடுவே அரைப்புள்ளி.

"போச்சுக்கா, எல்லாம் குப்பை. அழிச்சிரவா?"

"கைய எடுங்க!" என்று கத்தினேன். "குப்பையா? அது தமிழ்!"

பழைய தமிழ் எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அப்படித்தான் தெரியும். எந்தக் கீயை அழுத்தினேனோ அந்தக் கீயின் இங்கிலீஷ் எழுத்து. எஃப் என்றால் க, கே என்றால் ம. எழுத்துருவை இறக்கலாம் என்றால் மலையில் பெய்த மழையில் நெட் செத்துக் கிடந்தது. மேஜை மேல் பத்து விரலையும் வைத்தேன். திரையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக மேஜையைத் தட்டினேன். விரல் போன இடத்தில் என்ன எழுத்து என்று வாய் சொன்னது. முதல் பக்கம் திக்கித் திக்கி வந்தது, இரண்டாவதில் வேகம் பிடித்தது.

நாடகத்தில் டூரிஸ்ட் ஒருவர் குடும்பத்தோடும் டாக்ஸி டிரைவரோடும் மலை விளிம்பில் நிற்கிறார். சுற்றிலும் ஒரே மூட்டம்.

"என்னப்பா, பள்ளத்தாக்கையே காணோம்?"

"இருக்குதுங்க. ரெண்டு எட்டு முன்னால வச்சுப் பாருங்க, தெரிஞ்சிரும்."

செயலாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. "தங்கச்சி, 'இருக்குதுங்க'ன்னதும் கொஞ்சம் நிறுத்தணும். வெரசா போனா ஜோக் அடிபட்டுப் போயிரும்" என்றார்.

மூன்றாவது காட்சியில் டூரிஸ்ட் பிலிம் ரோல் முழுவதையும் மூட்டத்தைப் படமெடுத்தே தீர்க்கிறார். யாரும் சிரிக்கவில்லை.

"அண்ணே, இப்ப பிலிம் ரோல்னா சிக்கன் ரோலான்னு கேப்பானுக. தூக்கிருங்க" என்றார் செயலாளர்.

"அதான்யா நாடகத்துக்கே உயிர்!"

"செத்த உயிரு. வெட்டுங்க" என்றேன் நான். செயலாளர் பக்கம் சேர்ந்துவிட்டேன் என்று அண்ணனுக்கு மூக்கு சிவந்தது. ஆனால் அதற்குள் செயலாளர் போனை எடுத்து டான்ஸ் மாஸ்டரிடம், "இந்த வருசம் வேணாம் மாஸ்டர், எங்ககிட்ட நாடகம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதைக் கேட்டு அண்ணன், "சரி, ரோலை எடுத்துட்டு அந்த எடத்துல செல்போனைப் போடுங்க. பத்து நிமிசத்துல எழுதித் தாரேன்" என்று ரிப்பேர்காரரின் பில் புத்தகத்தைத் திருப்பி, பின்பக்கம் எழுத ஆரம்பித்தார்.