நிறுத்தும் முன் ஒரு தம்ளர் டீசல்

மூன்று பாட்டில் புங்க எண்ணெயை ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் மச்சான், என் அக்காவின் கணவர். எழுபதுகளில் டீசல் கிடைக்காத ஒரு கோடை. அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் அவருடைய நெல் பால் பிடிக்கும் பருவத்தில் நின்றது. கிணற்று இஞ்சின் ஓடாவிட்டால் அத்தனையும் பதர். கல்பாக்கத்தில் கட்டட வேலை, மாமல்லபுரத்தில் சவுக்குக் கட்டை சுமப்பது, இரண்டும் சலித்து நான் அவரிடம் சோற்றுக்கு வந்திருந்தேன்.

முதல் பாட்டில், கொட்டையை இடித்துக் காய்ச்சியது. விறகு போன அளவுக்கு எண்ணெய் வரவில்லை. அடுத்தது மதுராந்தகம் மில்லில் பிழிந்தது. எண்ணெய் நிறைய, ஆனால் மூட்டை கொண்டுபோகும் கூலி மிச்சத்தைத் தின்றது. மூன்றாவது உள்ளூர்ச் செக்கில் ஆட்டியது. கூலிக்குப் பிண்ணாக்கை விட்டுவிட்டால் போதும். ஸ்பிரிட்டும் காஸ்டிக் சோடாவும் கலந்தால் எண்ணெய் டீசல் மாதிரி இளகும் என்று கல்பாக்கத்து டெக்னீஷியன் ஒருவர் சொல்லியிருந்தார்.

“அந்த ஸ்பிரிட்டு விலைக்கு டீசலையே பிளாக்குல வாங்கிடலாம்டா” என்றார் மச்சான். செக்கு எண்ணெய் என்று முடிவானது.

கெட்டி எண்ணெய்க்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். டீசலில் கிளப்பி, சூடானதும் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்தும் முன் ஒரு தம்ளர் டீசல் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தங்கிய எண்ணெய், இஞ்சினுக்குள் எண்ணெயைப் பீய்ச்சும் நாசிலில் பிசினாகிவிடும்.

“இன்னா அண்ணாத்த, இஞ்சினுக்கு எண்ண தேச்சி வுட்டுகினு கீற?” என்றார் பக்கத்து நிலத்துக்காரர்.

“சனிக்கிழமன்னா சீயக்காயும் உண்டு” என்றார் மச்சான்.

பத்து நாள் தண்ணீர் பாய்ந்தது. ஒருநாள் அவர் டீசல் வரிசையில் நிற்கப் போனார். அன்று சாயங்காலம் கேனில் ஒரு தம்ளர்தான் இருந்தது. அதை ஊற்றிவிட்டால் காலையில் எதைக் கொண்டு கிளப்புவது என்று யோசித்து, ஊற்றாமலே நிறுத்தினேன். சிக்கனம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

மச்சான் வாங்கி வந்த டீசலை ஊற்றியும் காலையில் இஞ்சின் கிளம்பவில்லை. மச்சான் நாசிலைக் கழற்றிப் பிசினை நகத்தால் சுரண்டினார். பழைய கேனைத் திறந்து பார்த்தார், அந்த ஒரு தம்ளர் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தார். செங்கல்பட்டிலிருந்து புது நாசில் வருவதற்குள் நெல் காய்ந்துவிட்டது. மாடுகளை விற்றார்கள்.

“நான்தான் மிச்சம் புடிக்கலாம்னு அப்டியே நிறுத்திட்டேன்” என்று அவர் அக்காவிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

மச்சான் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. புங்கங்கொட்டையில் டீசல் எடுப்பதைப் பற்றி இப்போது பேப்பரில் எழுதுகிறார்கள். போன மாதம் அக்கா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “அந்த மனுசன் அன்னிக்கி ஒரு தம்ளர் டீசலுக்குக் கணக்குப் பாக்காம இருந்திருந்தா, நம்ம வூடு இப்டி ஆயிருக்காதுடா.”

“ஆமாக்கா” என்றேன்.