வண்டிக்காக நான் சொன்ன சாட்சி

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். கடைக்குப் பில் எழுதுவதைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன், முகம் தெரியாத உங்களிடம் இவ்வளவு நீளமாகப் பேச வந்திருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சைத் திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

காரைக்காலில் ஒரு பேக்கரியில் ரொட்டியும் பன்னும் எடுத்து, நிரவி, திருமலைராயன்பட்டினம், பட்டினச்சேரி வரை டீக்கடைகளுக்குப் போடுவது என் வேலை. காலையில் ஒரு நடை, சாயங்காலத்துக்குள் இன்னொரு நடை. என்னோடு படித்தவன், என் மகளுக்கு ஞானத்தகப்பனாக நின்றவன், பஸ் ஸ்டாண்டு பக்கம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் கடை திறந்தபோது ஊரே சிரித்தது. எங்கள் ஊரில் பெட்ரோல் விலை குறைவு. எல்லைக்கு அந்தப் பக்கத்து வண்டிகளெல்லாம் வாஞ்சூர் வரைக்கும் வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகும். "இந்த ஊர்ல போயி கரண்டு வண்டி விக்கிறானே, கிறுக்கா அவனுக்கு?" என்றார் பேக்கரி முதலாளி. நண்பன் கடை என்பதற்காக முதல் வண்டியை நான் வாங்கினேன்.

வண்டியை மந்திரிக்க மாதா கோயிலுக்குக் கொண்டுபோனோம். சாமியார் தீர்த்தத்தோடு வந்ததும் நண்பன் சீட்டைத் தூக்கிக் காட்டினான். "சாமி, இந்த வண்டிக்கு உயிரு இங்கதான் இருக்கு. இங்க தெளிங்க." சாமியார் பேட்டரியைப் பார்த்தார். "கரண்டு சாமான்டா. மந்திரிக்க வந்த என்னையே மேல அனுப்பி வச்சிடாதீங்க" என்று சொல்லி விரல் நுனியால் ஒரே ஒரு துளி விட்டார். எல்லோரும் மாதா மெடலை ஹேண்டில்பாரில் கட்டுவார்கள். எனக்கு அப்படி வெளியில் காட்டிக்கொள்ளப் பிடிக்காது. பேட்டரியின் கைப்பிடியிலேயே கட்டினேன். ரொட்டி ட்ரேக்களைக் கட்டும் அதே மஞ்சள் நைலான் கயிறு, அதே முடிச்சு. நுனியைத் தீக்குச்சியால் சுட்டு உருக்கிவிட்டால் பிறகு அவிழ்க்க முடியாது, அறுத்தால்தான் உண்டு. ராத்திரி பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் சார்ஜ் போடும்போதெல்லாம் அந்த முடிச்சு என் உள்ளங்கையில் உறுத்தும்.

வண்டி நன்றாகவே உழைத்தது. உப்புக்காற்றில் ஸ்டாண்டு ஸ்பிரிங் துருப்பிடித்தது, போல்ட்டுகள் சிவந்தன, மோட்டார் மட்டும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வருஷம்தான் இளைக்க ஆரம்பித்தது. இரண்டு நடை தாங்கிய சார்ஜ் ஒரு நடைக்கு வந்தது. பிறகு திரும்பி வரும்போது வாய்க்கால் பாலத்தில் ஏறவே முனகியது. வேறு யாரிடமும் சொல்லாமல் நண்பனிடம் மட்டும் சொன்னேன்.

"ஒரு நாள் வண்டிய விட்டுட்டுப் போ மாப்ள. சாப்ட்வேர் ஏத்தித் தர்றேன்" என்றான்.

திரும்பக் கொடுத்தபோது வண்டி புதுசாக வாங்கிய நாளைப் போல ஓடியது. பேட்டரி பளிச்சென்று இருந்தது. துடைத்துக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்தேன். மெடல் மட்டும் மஞ்சள் கயிற்றில் இல்லாமல், ஒயர்களைக் கட்டுவார்களே, அந்த வெள்ளை பிளாஸ்டிக் டேக்கில் தொங்கியது. "கயிறு நைஞ்சி போயிருந்துச்சி, மாத்திக் கட்டிட்டேன்" என்றான். நைலான் எப்படி நையும் என்று நான் யோசிக்கவில்லை. மெடலை மறக்காமல் கட்டியிருக்கிறானே என்று மனசு நிறைந்துபோனது.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு எங்கள் பங்குக் கோயிலிலிருந்து வருஷாவருஷம் நடந்து போவார்கள். ரொட்டியும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. முன்பெல்லாம் அதற்கு ஒரு மினி லாரி. இந்த வருஷம் நண்பன், "லாரி எதுக்கு? ஒன் வண்டியே போகட்டும்" என்றான். போனேன். நடப்பவர்கள் ஒரே இடத்தில் நடப்பதில்லை. இளவட்டங்கள் நாகூரைத் தாண்டியிருப்பார்கள், முட்டி வலிக்காரர்கள் வாஞ்சூரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் போனவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் வந்து, மறுபடியும் முன்னால் போய், போன ரோட்டிலேயே எத்தனை தடவை போனேன் என்று எனக்கே தெரியாது. நாகப்பட்டினத்தில் ஒரு கடையில் கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டதோடு சரி. வேளாங்கண்ணியில் மற்றவர்கள் பஸ் ஏறினார்கள். நான் அதே வண்டியில் வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், என் வண்டிக்கு மாலை போட்டு நிறுத்தியிருந்தான். கையில் மைக். "மூணு வருஷம் ரொட்டி சொமந்த வண்டி. அதே பேட்டரி. வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வந்து நிக்கிது. நான் சொன்னா யாவாரத்துக்குச் சொல்றேம்பீங்க, இவனையே கேளுங்க." மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினான். ஓட இடமில்லை.

"என் வண்டிதான். அதே பேட்டரிதான். நல்லா ஓடுது" என்றேன்.

கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவி, "கோயில்ல தாலி கட்டுறப்ப சாமியார் கேட்டதுக்கே தலையத்தானே ஆட்டுனீங்க? இப்ப மூணு வாக்கியம் பேசுறீங்க" என்றாள். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வாரமே பட்டினச்சேரி டீக்கடை வாசலில் ஒரு பெண் என்னை நிறுத்தினாள். கணவன் கடலோடு போய்விட்டதிலிருந்து மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்ப்பவள் அவள். ஷேர் ஆட்டோவில் கூடையை ஏற்ற மாட்டேன் என்கிறார்கள், திருநள்ளாறு பக்கம் போனால்தான் மீன் விலை போகிறது, அதற்கு ஒரு வண்டி வேண்டும் என்றாள்.

"எக்ஸ்சேஞ்சுல வந்த வண்டி ஒண்ணு இருக்குதாம், ஒங்க வண்டி மாதிரியே. கடைக்காரரு ஆயிரம் சொல்லுவாரு. நீங்க சொல்லுங்கண்ணே, வாங்கவா?"

"வாங்கும்மா" என்றேன். இருந்த கம்மலை அடகு வைத்து வாங்கினாள்.

சில வாரங்கள் கழித்து நிரவி தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் அவள் வண்டியோடு நிற்பதைப் பார்த்தேன். வெயில் ஏறியிருந்தது. மீன் பெட்டியின் மூலையிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"பாருங்கண்ணே, நீங்க சொன்ன வண்டி" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "போற வழியிலயே படுத்துக்குது. கடையில போயிக் கேட்டா, உப்புத்தண்ணி பட்டுருக்கு, நீ சரியா வச்சிக்கலங்கிறாரு. மீன்காரி வண்டியில உப்புத்தண்ணி படாம பன்னீரா படும்?"

என் பேட்டரியை மாற்றிப் போட்டு அவளை அனுப்பிவிடலாம் என்று அவள் வண்டியின் சீட்டைத் தூக்கினேன். பேட்டரிக் கைப்பிடியைப் பிடித்தேன். உள்ளங்கையில் உறுத்தியது.

மஞ்சள் நைலான். நுனி உருகி மணியாகத் திரண்ட முடிச்சு. மெடல் தொங்கிய வளையத்தை மட்டும் அறுத்திருந்தான். முடிச்சு கைப்பிடி இடுக்கில் அப்படியே இருந்தது.

"என்னண்ணே, அப்படியே நின்னுட்டீங்க? உள்ள பாம்பு கீம்பு இருக்கா?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். பேட்டரிகளை மாற்றினேன். அவள் வண்டி உடனே கிளம்பியது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, "நீங்க எப்படிப் போவீங்க?" என்று கத்தினாள். போ என்று கையைக் காட்டினேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே நண்பன் கடைக்குப் போனேன். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சீட்டைத் தூக்கி முடிச்சைக் காட்டினேன். அவன் பார்த்தான். கடையில் வேலை பார்க்கும் பெண்ணை டீ வாங்கி வர அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ஒனக்குப் புது பேட்டரிதானடா போட்டேன்? ஒனக்கு என்ன நஷ்டம்?"

"அவளுக்குப் பழச ஏன்டா கொடுத்த?"

"பழைய வண்டிக்குப் பழைய பேட்டரி. எல்லா பேட்டரியும் இப்படித்தான் இளைக்கும். அதச் சொல்லிக்கிட்டு எவனும் விக்கமாட்டான்."

"சரி. என்னைய எதுக்குடா பேச வச்ச?"

அவன் கொஞ்சம் சிரித்தான். இன்றைக்கும் அந்தச் சிரிப்புதான் கண் முன் நிற்கிறது. "நீ பேசாதவன் மாப்ள. பேசாதவன் பேசுனாத்தான் சனம் நம்பும்."

சின்ன வயதிலிருந்து என்னை அறிந்தவன். என் கூச்சம் அவனுக்கு ஒரு நாள் சரக்காக உதவும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அவனே பேசி விற்றிருந்தால் வியாபாரப் பொய்யோடு போயிருக்கும். இங்கே நானல்லவா பொய்ச்சாட்சி சொல்லியிருக்கிறேன், அதுவும் கோயில் வாசலில்.

"அந்த மெடல ஏன்டா அறுத்துக் கட்டுன? பழசோடயே விட்டிருக்கலாமே" என்றேன்.

"மாதா மெடல அடுத்தவங்க வண்டியில விட மனசு வரல" என்றான். உண்மையாகத்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டீ வருவதற்குள் வெளியே வந்துவிட்டேன். "இன்னொரு பேட்டரி தர்றேன்டா, அவகிட்ட ஒண்ணும் சொல்லிக்காத" என்று பின்னாலிருந்து கூப்பிட்டான்.

சாயங்காலம் பஸ் பிடித்துப் பட்டினச்சேரி போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பேச்சு கோர்வையாக வரவில்லை. கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "அப்ப ஒங்க பேட்டரிய எடுத்துட்டுப் போவத்தான் வந்தீங்களா?" என்றாள்.

"இல்லம்மா. அது ஒன் வண்டியிலயே இருக்கட்டும். என்னுது எங்கிட்ட வந்திருச்சி."

"மெடலு?"

"அதுவும் இருக்கட்டும்."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நீங்க நல்லவருதாண்ணே. ஆனா இனிமே யாருக்கும் வண்டி சொல்லாதீங்க" என்றாள்.

என் பேச்சைக் கேட்டுப் புது வண்டி வாங்கிய குடும்பங்கள் எங்கள் பங்கில் இன்னும் சில உண்டு. அவர்கள் வண்டிகள் இப்போதைக்கு நன்றாக ஓடுகின்றன. பார்த்தால் கையசைக்கிறார்கள்.

மறுநாள் காலை நடையில் திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டியதும் பழைய பேட்டரியில் சார்ஜ் தீர்ந்தது. மீதித் தூரம் தள்ளிக்கொண்டு போனேன். பட்டினச்சேரி டீக்கடையில் ரொட்டிக்காகக் காத்திருந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள்.