ஸ்பிரிட் மணத்தில் ஒரு செம்புப் பால்

நேற்று ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் கையில் தடவிய ஸ்பிரிட்டின் மணம், கோப்பாய்ச் சந்தியில் இன்று போன் கடையாகிவிட்ட பால் சேகரிக்கும் கொட்டிலுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. எந்நேரமும் ஈரமாயிருந்த அந்தச் சீமெந்துத் தரையில் நின்று, பால் பார்க்கிற மாமி ஒவ்வொரு வீட்டுப் பாலிலும் கொஞ்சம் எடுத்து, கண்ணாடிக் குழாயில் ஸ்பிரிட்டோடு கலந்து, திரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

மடி வீங்கிய எங்கள் மாட்டுக்கு ஊசி போட்ட கிழமை, மருந்து கலந்த பாலை விற்கக் கூடாதென்று, அம்மா செம்போடு அந்தக் கொட்டிலைக் கடந்து நடந்தார். நானும் கூடப் போனேன்.

"உந்தப் பால் எங்கை போகுது?" என்றார் மாமி.

"எங்கடை ஒழுங்கைப் பிள்ளையாருக்கு, அபிஷேகத்துக்கு. அவருக்கு ஒண்டும் செய்யாதுதானே."

"ஓம், அவருக்குச் செய்யாது. பிறகு அதைத் தீர்த்தமெண்டு குடிக்கிறது ஆர், அக்கா?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். தீர்த்தத்துக்கு முதல் ஆளாய்க் கை நீட்டுவது நான்தான்.

செம்பு அந்த இடத்திலேயே வேலியோரம் கவிழ்ந்தது.

அன்று பிள்ளையார் கிணற்றுத் தண்ணீரில் மட்டும் குளித்தார். அம்மா என் இரண்டு கையும் நிரம்பத் தீர்த்தம் வாங்கித் தந்தார்.