நான்கு பீப்பாய்த் தூண்கள்

பெயிண்ட் காய்வதற்குள் ஆர்வில் ஆற்று மணலைப் பிடிபிடியாய் அள்ளித் தூணின்மேல் வீசுகிறார். ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் வீசுவார். ஏன் என்று கேட்டால், "மணல் விழுந்தா மிச்சம் ஒண்ணாவது இருக்கட்டுமே" என்பார். மணல் ஒட்டிக்கொண்டால் மரத்தூண் கல்தூணாகிவிடும். எங்கள் நீதிமன்றத்தில் முப்பத்தோரு வருடமாக மே மாதத்து வேலை இது.

நூற்று முப்பது வருடத்துக்கு முன் கென்டக்கியின் இந்த மூலையில் கல் செதுக்க ஆளில்லை. விஸ்கிப் பீப்பாய் கட்டுகிற ஏசாவைக் கூப்பிட்டார்கள். அவர் பலகை பலகையாய்ச் சேர்த்து, உள்ளே வெறும் காற்றோடு நான்கு தூண்களை நிறுத்தினார். உச்சியில் கிடாக்கொம்புபோல் சுருள் வைத்தார். ஏசா, ஆர்விலுக்கு அம்மா வழிக் கொள்ளுத்தாத்தா. சித்தி மகன் டெல்பர்ட்டுக்கும் அதே உறவுதான்.

பார்க்க வருகிறவர்களுக்குக் கட்டடத்தின் கதையைச் சொல்ல இந்த வருடம் ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆர்வில் வாய்விட்டே கேட்டார். கமிட்டியோ, ஓய்வுபெற்ற வாத்தியார் என்று டெல்பர்ட்டின் கோட்டில் வழிகாட்டிக்கான பித்தளை வில்லையைக் குத்திவிட்டது. அன்றிலிருந்து ஆர்விலுக்குச் சோளரொட்டி இறங்கவில்லை.

"எங்கம்மாவே அவனுக்குத்தான் ரெண்டு துண்டு ஆப்பிள் பை வெப்பா. எனக்கு ஒண்ணு."

"அறுபது வருசமாச்சு ஆர்வில், இன்னுமா அந்தத் துண்டை மென்னுக்கிட்டிருக்கே?" என்றாள் மனைவி நியோமா.

சனிக்கிழமை ஆர்வில் ஒரு தூணுக்குப் பெயிண்ட் அடித்து மணல் வீசி முடித்த நேரம், டெல்பர்ட் பதினைந்து பேரோடு படியேறி வந்தார். "இத்தாலியிலேர்ந்து வந்த சிற்பிங்க ஒரே கல்லுல செதுக்கினது" என்றார்.

ஆர்விலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூரிகையின் காம்பால் தூணைத் தட்டினார். டொக், டொக்.

"கல்லு இப்படியாடா பேசும், டெல்பர்ட்டு? நம்ம ஏசா தாத்தா கட்டின பீப்பாடா இது!"

பதினைந்து முகங்களும் ஆர்வில் பக்கம் திரும்பின. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதைத்தான் கடைசியில சொல்லலாம்னு வெச்சிருந்தேன்" என்று சிரித்தார் டெல்பர்ட். "அந்த ஏசா, என்னோட கொள்ளுத்தாத்தா!"

கைதட்டல். முகங்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. "தூணோட சேர்ந்து நில்லுங்க, ஒரு போட்டோ!" என்றாள் தொப்பி போட்ட அம்மாள்.

மணல் ஒட்டிய தூண் காய்ந்த கல்லைப்போலவே தெரிந்தது. டெல்பர்ட் தன் கறுப்புக் கோட்டின் தோளைச் சாய்க்க அதன் பக்கம் நகர்ந்தார். படியில் 'பெயிண்ட் ஈரம்' என்ற பலகை நின்றிருந்தது. ஆர்வில் குனிந்து அதை எடுத்து, எழுத்து தன் நெஞ்சில் படும்படி அணைத்துக்கொண்டார்.